கத்தியைக் கொடுக்கும் முன்

எங்கள் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தொடங்கும் முன் ஜெபம் செய்வோம். நோயாளி மேசையில் படுத்திருப்பார். சர்ஜன் கண்ணை மூடி ஒரு நிமிடம் ஜெபிப்பார், எல்லோரும் ஆமென் சொல்வோம். அந்த ஆமென் முடிவதற்குள் அவர் கை கத்திக்காக, கருவிகளை எடுத்துக் கொடுக்கும் நர்ஸான என் பக்கம் நீண்டுவிடும்.

ஜெபத்தின் மேல் எனக்கு எரிச்சல் இல்லை. நானும் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள்தான். ஆனால் அந்த ஆமெனுக்கும் கத்திக்கும் நடுவே ஒரு தாளை உரக்க வாசிக்க வேண்டும். நோயாளி யார், என்ன ஆபரேஷன், எந்தப் பக்கம், அந்தப் பக்கத்துத் தோலில் மையால் அடையாளம் போட்டிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, பதில் வந்த பிறகு டிக் போட வேண்டும். எங்களுக்கோ அந்தத் தாள் வார்டிலிருந்து வரும்போதே எல்லாக் கட்டத்திலும் டிக்கோடு வரும். நோயாளி இன்னும் தள்ளுவண்டியில்தான் இருப்பார். ஆபரேஷன் முடிந்தபின் எண்ண வேண்டிய பஞ்சை எண்ணிச் சரிபார்த்தாயிற்று என்றுகூட அதில் இருக்கும்.

என் அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். அம்மா அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், கொட்டை உடைத்தாள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். எந்தத் தாளை நீட்டினாலும் அப்பா பெருவிரலை வைப்பார், அவருக்கு வாசிக்கத் தெரியாது. வாசிக்கத் தெரிந்த ஐந்து பேர் ஒரு தாளை வாசிக்காமல் கையெழுத்துப் போடுவதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன மழைக்காலத்தில் குடலிறக்க ஆபரேஷனுக்கு ஒரு பெரியவர் வந்தார். அவரும் ரப்பர் வெட்டுகிறவர். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போயிருந்தது. ஆள் விழித்துத்தான் இருந்தார். அன்றைய ஆபரேஷன் லிஸ்டில் இடது பக்கம் என்று இருந்தது. இடது பக்கம் மருந்து தடவித் துணி விரித்தாயிற்று. நின்றால் புடைத்துத் தெரியும் குடலிறக்கம் படுத்தால் உள்ளே போய்விடும். பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

ஆமென். கை நீண்டது. நான் கத்தியைக் கொடுக்கவில்லை.

“அக்கா, தாளை வாசிங்க” என்றேன், தாளை வைத்திருந்த மூத்த நர்ஸிடம்.

“எல்லாம் டிக் போட்டுத்தான் வந்திருக்கு மக்கா.”

“ஜெபம் பண்ணியாச்சுல்லா சிஸ்டர், பின்ன என்னத்துக்கு?” என்றார் சர்ஜன். கை நீட்டியபடியே இருந்தது.

“ஜெபத்துல எந்தப் பக்கம்னு சொல்லல்ல சார்.”

மயக்க மருந்து டாக்டர் சிரித்துவிட்டார். அக்கா என்னை முறைத்துக்கொண்டே வாசித்தாள். அடையாளம் என்ற இடத்தில் நின்றாள். தாளில் டிக் இருந்தது. விரித்த துணியைத் தூக்கி இரண்டு பக்கமும் பார்த்தோம். தோலில் ஒரு புள்ளி மை இல்லை.

“பாட்டா, உங்களுக்கு எந்தப் பக்கம்?” என்று கேட்டேன்.

“வலத்த பக்கம் மக்களே.”

சம்மதப் படிவத்தை எடுத்துப் பார்த்தால் அதிலும் வலது. சர்ஜன் அவரை இருமச் சொன்னார். இருமினார். வலது பக்கம் புடைத்தது. லிஸ்டை டைப் செய்தவர் மாற்றி அடித்திருக்கிறார், அவ்வளவுதான். வலது பக்கம் மருந்து தடவி, புதுத் துணி விரித்தோம். பிறகுதான் கத்தியைக் கொடுத்தேன்.

மறுநாள் காலையில் வார்டில் அந்தப் பெரியவரிடம் கேட்டேன்: “இடது பக்கம் துணி விரிச்சத நீங்க பாத்தியள்லா? ஏன் பேசாம கெடந்தியோ?”

“டாக்டருக்குத் தெரியாத காரியமா மக்களே?” என்றார்.

பக்கத்தில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த அவர் மனைவியிடம் அடையாளத்தைப் பற்றிக் கேட்டேன்.

“அந்த மையா? நாலு பேரு பாக்கப் போற ஒடம்ப கிறுக்கலோட விடுவனா? காலம்பற நாருப் போட்டுத் தேச்சுத் தேச்சுல்லா குளிப்பாட்டுனேன்!” அவளுக்கு அதில் பெருமை. “எல்லாம் டாக்டருக்க ஜெபம்தான் காப்பாத்திச்சு.”

எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வதென்று தெரியவில்லை. அவளைத் திட்டவும் முடியவில்லை. அப்பாவை ஆபரேஷனுக்கு அனுப்பியிருந்தால் என் அம்மாவும் அப்படித்தான் தேய்த்திருப்பாள். அந்த மை எதற்கென்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. நான் சொன்னேன். உரித்த ஆரஞ்சைக் கீழே வைத்துவிட்டு, போர்வையைத் தூக்கிக் கட்டு எந்தப் பக்கம் என்று பார்த்தாள்.

நான் தியேட்டருக்குத் திரும்பியதும் அன்றைய முதல் நோயாளி வந்தார். தாளில் எல்லாக் கட்டத்திலும் டிக். அதைக் கிழித்துப் போட்டுவிட்டு வெறும் தாள் ஒன்றை அக்காவிடம் நீட்டினேன்.

“ஏட்டி, உனக்கு வேற சோலி இல்லியா?”

“இதுதான் அக்கா என் சோலி.”

ஜெபம் முடிந்தது. சர்ஜனின் கை பழக்கத்தில் நீண்டது. என் முகத்தைப் பார்த்துவிட்டு அதை மடக்கிக்கொண்டார்.

“வாசிங்க, வாசிங்க. இல்லேன்னா இவ கத்தி தரமாட்டா.”

புரிந்து சொன்னாரா, சலித்துச் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. எதுவானாலும் சரி. அக்கா நோயாளியின் பெயரை வாசிக்கத் தொடங்கினாள்.