ஒன்பது நாள் சொல்லாத சொல்

எட்டு வயதில், உள்நாட்டுப் போருக்குத் தப்பி, நாட்டின் எல்லையான பாஞ் ஆற்றைக் குளிர்காலத்தில் லாரி டியூபைப் பிடித்துக்கொண்டு கடந்தவள் சவ்ரிமோ. அக்கரை அகதி முகாமில் டைபாய்டு கண்டு, அவளுக்கென்று குழி வெட்டிய பிறகும் பிழைத்தாள். மூன்றாண்டு கழித்து ஊர் திரும்பியபோது கூரைத் தகடுகூட மிஞ்சாத வீட்டை, மண்கல் அறுத்து அண்ணனோடு சேர்ந்து நிமிர்த்தினாள். பருத்திப் பண்ணைத் தலைவர் வாசலுக்கு ஆறு மாதம் நடந்து முப்பது சென்ட் நிலம் வாங்கினாள்.

வீட்டின் பழைய கதவு எதிர்வீட்டில் தொங்கியது. நீல வண்ணம், கீழ்மூலையில் அப்பா நஸ்ரிஷோ அடித்த தகர ஒட்டு. எதிர்வீட்டு சாய்த்முரோத்தான் 1992 டிசம்பரில் ஆயுதக்காரர்களுக்கு அப்பாவைக் காட்டிக்கொடுத்தவர். அப்பாவின் உடல்கூடக் கிடைக்கவில்லை. பிறகு சமாதானம் வந்தது, பொது மன்னிப்பும் வந்தது. யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. பன்னிரண்டு வருடம் அந்தக் கதவைத் தட்டித்தான் சவ்ரிமோ ரொட்டிக்குப் புளித்த மாவு வாங்கினாள்.

2007 அக்டோபரில் சாய்த்முரோத் ஈரல் வீங்கிப் படுத்தார். சாகக் கிடப்பவர் பக்கத்து வீட்டார் ஒவ்வொருவர் வாயிலிருந்தும் 'ராஸி' என்று கேட்க வேண்டும். உன்மேல் எனக்கு மனக்குறை இல்லை என்று பொருள். ஒருவர் சொல்லாவிட்டாலும் உயிர் லேசில் பிரியாது என்பது ஊரின் நம்பிக்கை. தெருவே வந்து சொல்லிவிட்டுப் போனது. அண்ணன் ஹயோத்துல்லோவும் முதல் நாளே தரையைப் பார்த்தபடி சொல்லிவிட்டான்.

சவ்ரிமோ தினமும் மதியம் போய் நோயாளியின் காலடியில் உட்கார்ந்தாள். ஒன்றும் பேசாமல் எழுந்து வந்தாள்.

"வாயில ரொட்டியா அடைச்சிருக்கு? ஒரு வார்த்தைக்கு இவ்வளவு பிகுவா?" என்று அவர் மனைவி பீபிஹோல் வெடித்தாள்.

வீட்டில் அண்ணனும் விடவில்லை. "சொல்லித் தொலையேம்மா. தெருவுல தலை காட்ட முடியல."

"நீதான் சொன்னியே அண்ணே. அப்பா எங்க கிடக்காருன்னு பதிலுக்குச் சொன்னாரா?"

அவன் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போனான்.

ஒன்பதாம் நாள் நடந்ததை அவள் அண்ணனிடம் ஒரே ஒரு முறைதான் சொன்னாள். சாய்த்முரோத் மனைவியைத் தேநீர் போட அனுப்பிவிட்டு, "நான் சுடல. காட்டினது மட்டுந்தான்" என்றாராம். இவள் பேசவில்லை.

"என் பசங்க இந்த ஊர்ல பொழைக்கணும். இது அவங்க தலையில விழக்கூடாது."

"விழாது. இடத்தச் சொல்லுங்க, மாமா."

"பம்ப் செட்டுக்குப் பின்னால வடிகால். மூணாவது முசுக்கட்டை மரம். ஒங்கப்பன் மட்டும் இல்ல. நாலு பேரு."

அதன் பிறகுதான் அவள் 'ராஸி' என்றாள். மனதாரச் சொன்னாளா என்று ஹயோத்துல்லோ இன்றுவரை கேட்டதில்லை. மறுநாள் சாய்த்முரோத் நிம்மதியாகச் செத்தார். சவத்தைத் தூக்கும் முன் எல்லாரும் ஒரே குரலில் "நல்ல மனுஷன்" என்றார்கள்.

அந்த மரத்தடியில் தோண்டியபோது ஒன்றரை மீட்டர் ஆழத்தில் எலும்புகள் கிடைத்தன. அப்பாவைப் பெல்ட் கொக்கியை வைத்து அடையாளம் கண்டார்கள். மற்ற மூவரின் வீட்டாரும் ஓடி வந்தார்கள். அவர்களில் ஒரு விதவை சவ்ரிமோவின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"யாருடி இடத்தச் சொன்னது? என் புருஷன யாரு காட்டிக்கொடுத்தான்? ஒனக்குத் தெரியும்!"

சவ்ரிமோ வாய் திறக்கவில்லை. அந்தப் பெண் அவள் காலடியில் துப்பிவிட்டுப் போனாள். ஒன்பது நாள் எதிர்வீட்டை அசைத்த மௌனம், இப்போது தன்னைப் போலவே பறிகொடுத்தவள்மேல் பூட்டாக விழுந்ததை அவள் அறிவாள். கொடுத்த வாக்கு வாக்குதான்.

ஊராட்சி அலுவலகத்தில் எழுத்தரும் அதையே கேட்டார். ஹயோத்துல்லோ சொல்லிவிடத் துடித்தான். தங்கை மேசைக்கடியில் அவன் காலை மிதித்தாள். 'வடிகால் தூர் வாரியபோது கிடைத்தவை. மரணத்தின் காரணம் தெரியவில்லை' என்று எழுத்தர் எழுதி, மைப்பெட்டியை அவள் பக்கம் தள்ளினார். போரோடு அவள் படிப்பு நின்றதும், எங்கும் கைநாட்டுதான் என்பதும் அவருக்குத் தெரியும்.

"கைநாட்டு வேணாம். எங்கப்பா காகிதம் இது" என்றாள். குழி தோண்டிய நாட்களில் அண்ணன் மகளின் பாடப்புத்தகத்தை வைத்துத் தன் பெயரை மட்டும் எழுதிப் பழகியிருந்தாள். எழுத்தர் எழுதியதை அண்ணனை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு 'தெரியவில்லை' என்ற சொல்லுக்குக் கீழே, பேனாவை அழுத்தி, அவர்கள் மொழியின் ஏழு எழுத்துகளில் தன் பெயரை எழுதினாள்.

அன்று 2007 நவம்பர் 14, புதன்கிழமை.