வலையில் வந்த கவரோடு செஞ்சிக்கு

இந்த முறை ஊர் பார்க்கப் போகவில்லை, ஒரு கடையைத் தேடிப் போனேன். போன இடத்தில் கோட்டையும் பார்த்தேன். கோட்டைக்காக மட்டும் படிக்க வந்தவர்கள் ஐந்தாவது பத்திக்குத் தாவிவிடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

புதிதாக வந்தவர்களுக்கு என்னைப் பற்றி ஒரு வார்த்தை. எனக்குப் புதுச்சேரியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை. வீடு, சங்கராபரணி ஆறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்து மீனவர் குப்பம். என் வீட்டுக்காரர் ஆற்று வாயில் வலை போட்டுக்கொண்டிருந்தவர். மூன்று வருடமாக மங்களூரில் ஒரு விசைப்படகில் வேலை பார்க்கிறார். இங்கே அவர் வலையில் மீனைவிடப் பிளாஸ்டிக் கவர்தான் அதிகம் ஏறியது. கவர் கனத்து வலை கிழியும், கிழிந்ததைத் தைக்க ஒரு நாள் போகும், தைத்துப் போட்டால் மறுபடியும் கவர். "நம்ம ஆத்துல மீனு வந்தா நான் ஏன்மே இங்க வந்து கெடக்கறேன்?" என்று போனில் சொல்வார். இந்தப் பொங்கலுக்கும் வரவில்லை. அவர் இல்லாமல் பொங்கல் வைத்தது இது மூன்றாவது முறை. எனக்கு அவர் வீட்டில் இருக்க வேண்டும். பயணக் கட்டுரையில் இதையெல்லாம் எழுதலாமா தெரியவில்லை, எழுதிவிட்டேன்.

கார்த்திகை மழை வெள்ளம் வடிந்த பிறகு என் கொழுந்தனார் வலையை இழுத்து மணலில் உதறினார். கிலோ கணக்கில் குப்பை. அதில் ஒரே கடையின் ரோஸ் கலர் கவர் மட்டும் நாலு. கடைக்கு ஒரு பெண்ணின் பெயர், கீழே "ஜவுளி, ரெடிமேட்ஸ், பஜார், செஞ்சி" என்று பச்சை எழுத்து. எங்கள் ஆறு செஞ்சிப் பக்கத்து மலையில்தான் பிறக்கிறது. அத்தனை தூரம் உருண்டு வந்தும் எழுத்து அழியவில்லை. பெயரை இங்கே எழுத மாட்டேன், காரணம் போகப் போகப் புரியும். செஞ்சி எங்களுக்கு அந்நியமான ஊர் இல்லை. மாசி மகத்துக்குச் செஞ்சி ரங்கநாதர் புதுச்சேரிக் கடற்கரைக்கு வந்து தீர்த்தவாரி ஆடிவிட்டுப் போவார், நாங்கள் குடும்பத்தோடு போய் நிற்போம். வருஷா வருஷம் சாமி வந்து போகிறது, நாம் ஒரு தடவைகூடப் பதிலுக்குப் போகவில்லையே என்று தோன்றியது. நாலு கவரையும் அலசிக் காயவைத்து மடித்து எடுத்துக்கொண்டேன். கடைக்காரரை நறுக்கென்று நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்பதுதான் திட்டம்.

பொங்கல் முடிந்து அடுத்த புதன்கிழமை. புதுச்சேரி பஸ் நிலையத்தில் காலை 6.20க்குத் திருவண்ணாமலை பஸ், திண்டிவனம் வழி. செஞ்சிக்கு எனக்கு டிக்கெட் 75 ரூபாய், தூரம் ஏறக்குறைய 70 கிலோமீட்டர். திண்டிவனம் தாண்டினால் இரண்டு பக்கமும் பாறைக் குன்றுகள் வர ஆரம்பிக்கும். இடது ஜன்னலோரம் கிடைத்தால் விடாதீர்கள். 8.40க்கு இறங்கி, பஸ் ஸ்டாண்டு எதிரில் இட்லி, வடை, டீ, மொத்தம் 55 ரூபாய். சாம்பார் சுமார், சட்னி பிரமாதம்.

கோட்டை ஊரிலிருந்து இரண்டு கிலோமீட்டர். ஷேர் ஆட்டோ 20 ரூபாய், நுழைவுச் சீட்டு 25. ராஜகிரி உச்சிக்கு ஏற எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது, நடுவில் உட்கார்ந்ததையும் சேர்த்துத்தான். பாதி வழியில் ஒரு குரங்கு என் பையைப் பிடுங்கிக்கொண்டு மதில்மேல் ஏறிவிட்டது. உள்ளே வெறும் கவர்தான் என்று தெரிந்ததும் ஒவ்வொன்றாக என்மேலேயே வீசியது. எனக்குத் தெரிந்து கவரைத் திருப்பிக் கொடுத்த முதல் ஆள் அதுதான்.

உச்சியில் நல்ல காற்று. எல்லோரும் செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்க, நான் கிழக்கே பார்த்துக்கொண்டு நின்றேன். கடல் தெரியாது என்று தெரியும். இருந்தாலும் பார்த்தேன். வயல், ஏரி, அதற்கப்பால் வெளிறிய புகை மாதிரி வானம். என் வீட்டுக்காரர் அந்த மேற்குக் கரையில், நான் இந்த மலைமேல். கொஞ்சம் அழுகை வந்தது, மூச்சு வாங்குகிற மாதிரி சமாளித்துவிட்டேன்.

மதியம் ஒன்றரை மணிக்குப் பஜாருக்கு வந்தேன். கடையைக் கண்டுபிடிப்பது கஷ்டமே இல்லை, கவரில் இருந்த அதே பச்சை எழுத்தில் பெரிய போர்டு. கல்லாவில் ஐம்பது வயதுக்காரர், கடை முதலாளி. மேஜைமேல் நாலு கவரையும் வரிசையாக வைத்தேன்.

"நம்ம கவருதான். இன்னாம்மா, சைஸ் பத்தலையா? பில்லு வெச்சிருக்கியா?" என்றார்.

"மாத்த வரலண்ணா. இது கடல்லேர்ந்து வருது. எங்க வலையில மாட்டுச்சு."

அவர் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் அடுத்த வார்த்தைக்குத் தயாராக நின்றேன். அவர் முகமோ மலர்ந்துவிட்டது.

"கடலுக்கா? நம்ம கவரா?" உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "ஏய், இங்க வா! உன் பேரு கடல் வரைக்கும் போயிருக்குது பாரு! ஒரு எழுத்து போவல பாத்தியா? நல்ல பிரிண்டுன்னு சொன்னேன்ல?"

எனக்கு டீ சொன்னார். சண்டை போட வந்தவளுக்கு டீ வாங்கிக் கொடுத்தால் அவள் என்னதான் செய்வாள்?

உள்ளேயிருந்து அவர் மனைவி வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். கடை அவர் பெயரில்தான், கல்யாணமான வருடம் ஆரம்பித்ததாம். நான் அக்கா என்றே எழுதுகிறேன். கவரில் இருந்த தன் பெயரை விரலால் தடவிப் பார்த்தார்.

"நானே இன்னும் கடல பாத்ததில்ல. என் பேரு மட்டும் போய்ட்டு வந்துடுச்சா?" என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "கல்யாணம் ஆன புதுசுல மாசி மகத்துக்குக் கூட்டினு போறேன்னாரு. அன்னிக்கி ஊரே கெளம்பிடும், கடைய யாரு பாக்கறது? பள்ளிக்கூடத்துல படிக்க சொல்ல, ராஜகிரி மேல ஏறினா கடலு தெரியும்னு ஒருத்தி சொன்னா. ஏறிப் பாத்தேன். தெரியல."

நான் காலையில் நின்ற அதே இடம். அதற்குப் பிறகு எனக்குத் திட்ட வாய் வரவில்லை. வலை கிழிவதையும், என் வீட்டுக்காரர் மங்களூரில் இருப்பதையும், கவர் நின்றால்தான் அவர் திரும்பி வருவார் என்பதையும் சொன்னேன்.

"அது பழைய ஸ்டாக்கும்மா," என்றார் கடைக்காரர். கவருக்குத் தடை வந்து எத்தனையோ வருடம் ஆகியும் தமிழ்நாட்டில் தீராத ஒரே பொருள் இந்தப் பழைய ஸ்டாக்தான். "நான் குடுக்கலன்னா எதுத்த கடைல குடுப்பான். ஜனம் அங்க போய்டும்."

அக்கா அதைக் காதில் வாங்கவில்லை. "பஜார்ல குடுத்தது எப்டி அம்மாந்தூரம் போவுது?" என்று என்னைக் கேட்டார். அதைப் பார்க்கத்தான் வந்தேன் என்றேன். "பொங்கல் யாவாரம் முடிஞ்சிபோச்சி. சாயங்காலம் வரைக்கும் நீங்க பாத்துக்கோங்க" என்று கணவரிடம் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

அவருக்குத் தெரிந்த ஆட்டோக்காரர் ஆரோக்கியம். மலையடிவாரத்துக் கிறிஸ்தவ ஊர்க்காரர், கண்ணாடியில் மாதா படம். போக வர 450 ரூபாய் பேசினோம். முதலில் பஜாருக்குப் பின்னால் ஓடும் கால்வாய்க்குக் கூட்டிப்போனார். தண்ணீர் கொஞ்சம்தான், கவர்தான் கரை நிறைய. எல்லாக் கடைப் பெயரும் அங்கே இருந்தது. ரோஸ் கலரும் இருந்தது. மழை பெய்தால் இது மொத்தமும் ஆற்றில் விழும். நடுவில் வீடூர் அணை இருக்கிறதே என்று கேட்பீர்கள். வெள்ளம் வந்தால் ஷட்டரைத் திறந்துதானே ஆக வேண்டும்? ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். இங்கே போடுவதற்கு அளவே இல்லை.

அக்கா ரொம்ப நேரம் பார்த்தார். "என் பேரு மேல பன்னி படுத்துனு கெடக்குது பாரு" என்று மட்டும் சொன்னார். பிறகு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி, கைக்கு எட்டிய தன் பெயரை எல்லாம் பொறுக்கினார். நானும் இறங்கினேன். நாற்றம் தாங்கவில்லை.

ஆறு பிறக்கும் இடத்தையும் பார்த்துவிடலாம் என்று அங்கிருந்து பதினான்கு கிலோமீட்டர், பாக்கமலைப் பக்கம் போனோம். காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும், அதனால் ஓரத்து மண் பாதையோடு நின்றுவிட்டோம். மலையிலிருந்து இறங்கும் ஓடை ஒன்று பாறைக்குழியில் தேங்கியிருந்தது. மேலே பாதி மலை பச்சை, பாதி மொட்டை. கருகிய அடிமரங்களில் இப்போதுதான் துளிர்.

"எங்க நைனா காலத்துல இந்த ஓட மாசி வரைக்கும் ஓடும்மா," என்றார் ஆரோக்கியம். "மரம் இருந்தா தண்ணிய புடிச்சி வெச்சி கொஞ்சங் கொஞ்சமா வுடும். இப்ப பெஞ்சா ரெண்டே நாளு, மொத்தமா அடிச்சினு போய்டுது. அப்பறம் சொட்டு தண்ணி இல்ல."

"யாருண்ணா வெட்டினது?"

"யாரன்னு சொல்றது? வெறகுக்கு வெட்டினாங்க, ஆட்டுக்குப் புல்லு மொளைக்கட்டும்னு கொளுத்தினாங்க. நாங்களும் அடுப்புக்கு வெட்டினோம். இப்ப காஸ் இருக்குது, வெட்றதில்ல. வுட்டா அதுவா வந்துடும், வேரு கெடக்குது பாருங்க."

எனக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. எங்கள் ஊரில் ஆறு மெதுவாக ஓடிக்கொண்டே இருந்தால் ஆற்று வாய் திறந்திருக்கும், மீன் உள்ளே ஏறும். இரண்டு நாள் வெள்ளம் குப்பையை எல்லாம் தள்ளிவிட்டு நின்றுபோனால் மணல் வாயை மூடிவிடும். காடு போனதும் கவர் வந்ததும் ஒரே வெள்ளத்தில்தான்.

குழித் தண்ணீரில் கையை விட்டேன். ஜில்லென்று, அடியில் மணல் தெரியும் சுத்தம். விரலைச் சின்ன மீன்கள் வந்து கடித்தன. இதே தண்ணீர் இப்படியே எங்கள் வாசலுக்கு வந்து சேர்ந்தால் அவர் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு விடியலில் கிளம்புவார், வெயில் ஏறுவதற்குள் வீட்டில் இருப்பார், குழம்பில் உப்பு இல்லை என்று சொல்வார். அந்தக் குறைச் சொல்லுக்கு நான் ஏங்கிப்போயிருக்கிறேன்.

நாலரைக்குக் கடைக்குத் திரும்பினோம். அக்கா சேறு படிந்த கவர்களைக் கல்லாமேல் வைத்தார். கடைக்காரர் பதறினார்.

"ஒண்ணு கவர நிறுத்துங்க. இல்லன்னா கடைக்கு வேற பேரு வைங்க. என் பேரு சாக்கடைல கெடக்கக் கூடாது" என்றார் அக்கா.

கடைக்காரர் வெளியே போய்ப் போர்டை நிமிர்ந்து பார்த்தார். பெயரை மாற்றினால் போர்டு, பில் புத்தகம், ஜிஎஸ்டி எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். "பாக்கலாம்" என்றார். நான் 5.10 பஸ்ஸைப் பிடித்தேன், எட்டு மணிக்கு வீடு. 'பாக்கலாம்' என்றால் நம் ஊரில் என்ன அர்த்தம் என்று உங்களுக்கும் தெரியும். நான் நம்பவில்லை.

இந்தக் கட்டுரையை அப்போதே எழுதாமல் விட்டதும் நல்லதுதான், மாசி மகம் வந்தது. அன்று கடற்கரையில் சாமிகள் வரிசையாக நிற்க, கூட்டத்தில் என் முதுகை ஒருவர் தட்டினார். அக்கா! கடையைப் பூட்டிவிட்டு இருவருமே வந்திருந்தார்கள். கடைக்காரர் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு தள்ளியே நின்றார். அக்கா முழங்கால் வரை இறங்கிவிட்டார். ஒவ்வொரு அலைக்கும் என் கையை இறுக்கிப் பிடித்தார். "இவ்ளோ சத்தம் போடும்னு யாரும் சொல்லலியே" என்றார். அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னார். இப்போது துணியைப் பேப்பரில் சுற்றிச் சணல் கட்டித்தான் தருகிறார்களாம். பத்தில் இரண்டு பேர் முகத்தைத் தூக்கிக்கொண்டு எதிர்க்கடைக்குப் போகிறார்களாம். "போவட்டும்" என்றார்.

மணலில் நின்றே மங்களூருக்குப் போன் போட்டேன். செஞ்சியில் ஒரு கடையில் கவர் நின்றுவிட்டது என்றேன். கடலில் கரைத்த பெருங்காயம் என்று சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"ஒரு கடையா? செரி, ஒரு கடைக்கு ஒரு நாளு. வரேன்மே" என்றார்.

வந்தார். வரப் போக ரயிலில் இரண்டு நாள், வீட்டில் இருந்தது ஒரு நாள். குழம்பில் உப்பு சரியாக இருந்தது, இருந்தும் குறை என்றார். சாயங்காலம் கிளம்பிவிட்டார்.

போக நினைப்பவர்களுக்கு: தை, மாசி நல்ல நேரம், பங்குனி வந்தால் பாறை சுடும். காலை எட்டு எட்டரைக்குள் ஏற ஆரம்பியுங்கள். உச்சிக்குப் போக மதியத்துக்குமேல் விடுவதில்லை என்றார்கள், வாசலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீரைப் பாத்திரத்தில் கொண்டுபோங்கள், பாட்டிலை மேலே விட்டு வராதீர்கள், அது எங்கள் ஊருக்குத்தான் வரும். குரங்குக்குத் தீனி காட்டாதீர்கள். துணி எடுத்தால் பையோடு போங்கள். கிளம்புவதற்கு முன் எனக்காக ஒரு காரியம் செய்யுங்கள். அன்றிருந்த படபடப்பில் நான் எண்ணாமல் வந்துவிட்டேன். செஞ்சி பஜாரில் மொத்தம் எத்தனை கடை இருக்கிறது என்று எண்ணி, கமெண்ட்டில் சொல்லுங்கள்.