பனிக்குளத்தில் சிவப்புச் சால்வை

எங்கள் வெர்மாண்ட் ஊரில் பழைய ஓவியங்களைத் துடைத்துச் சீர்செய்பவள் லோரெட்டா பிக்ஸ்பி. கிராண்டலின் ஓவியக் கடையில் அவள் மேசைக்கு அடுத்த மேசை என்னுடையது. நான் படங்களுக்குச் சட்டம் போடுபவன்.

ஒரு மார்ச்சில் அந்தப் படம் வந்தது. 1911இல் யாரோ வரைந்த எங்கள் ஊர் ஆலைக்குளம். எங்கும் உறைபனி. நடுவே சிவப்புச் சால்வை போர்த்திய ஒரு பெண், நகக்கண் அளவுக்கு. நியூயார்க்கில் ஓவியம் சேகரிக்கும் ஒரு பணக்காரர் அதைக் கேட்டிருந்தார்.

“அந்தப் பொம்பளை மட்டும் வேணாமாம். வெறும் பனியா இருந்தாத்தான் மனசுக்கு அமைதியாம். மூடிடு லோரெட்டா,” என்றார் கிராண்டல்.

அவர் போனதும் லோரெட்டா என் பக்கம் திரும்பினாள். “அது எங்கம்மா.”

“என்ன சொல்றே?”

“எனக்கு அப்ப மூணு வயசு. உறைஞ்ச குளத்து மேல நடந்து அக்கரைக்குப் பால் கொண்டு போனா, பனி உடைஞ்சு உள்ள போயிட்டா. கரையில ஒருத்தர் உக்காந்து வரைஞ்சுக்கிட்டு இருந்தாராம். எல்லாத்தையும் போட்டுட்டு ஓடியிருக்காரு. எட்டலையாம். அப்பாதான் சொன்னாரு.”

அவளிடம் அம்மாவின் புகைப்படம் ஒன்றுகூடக் கிடையாது.

“அப்போ முடியாதுன்னு சொல்லிடேன்.”

“வேற யாராவது சுரண்டியே எடுத்துடுவான். நான்னா மேல மட்டும் பூசுவேன்.”

பிறகு வெள்ளையை மட்டும் தனியாக எடுக்க வரும்படி மெருகெண்ணெய் தடவி, அதன்மேல் வெள்ளை பூசினாள். படம் நியூயார்க் போனது.

இலையுதிர் காலத்தில் அந்தப் பணக்காரரின் மனைவி தொலைபேசியில் அழைத்தாள். “பனிக்குள்ள சிவப்பா ஏதோ தெரியுது. கிட்டப் போனா இல்லை. சாப்பாட்டு மேசையில என்னால உக்காரவே முடியலைங்க.”

படம் திரும்பி வந்தது. நானும் விளக்கைப் பிடித்துப் பார்த்தேன். லோரெட்டா பூசிய வெள்ளையில் மயிரிழை விரிசல்கூட இல்லை.

“எடுத்துட்டுப் போயிடும்மா. இனிமே இதை நான் யாருக்கு விக்கிறது?” என்றார் கிராண்டல். அவர் படத்தைத் தொடவே இல்லை.

அன்றே பஞ்சால் ஒற்றி ஒற்றி வெள்ளையை எடுத்தாள். சால்வை வந்தது. அதற்கு மேலே முகம் இல்லை. தூரிகை ஒருமுறை தொட்ட தடம் மட்டும். அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

படத்தைத் தன் சமையலறையில் மாட்டினாள். ஆனால் குளம் உறையத் தொடங்கியதும் அதைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிடுவாள். பனி உருகும்வரை அப்படியேதான் இருக்கும்.

“ஏன் லோரெட்டா?” என்று ஒருமுறை கேட்டேன்.

“இன்னும் ஒரு அடி எடுத்து வச்சிடுவாளோன்னு பயமா இருக்கு.”

லோரெட்டா இறந்தது ஒரு ஜனவரியில். வீட்டைக் காலி செய்யப் போன எங்களில் யாரும் சுவரைப் பார்த்திருந்த படத்தைத் திருப்பவில்லை.