அண்ணாந்து குடிப்பவர்கள்

ஜெர்மனியில் என்னோடு ஆய்வகத்தில் வேலை பார்க்கும் ஹைக்கே, என் தண்ணீர் பாட்டிலை எடுத்து வாய் வைத்துக் குடித்துவிட்டு, மூடிகூடப் போடாமல் என்னிடமே நீட்டுவாள். இதைப் படிக்கிற நம்மூர்க்காரர்கள் முகம் சுளிப்பீர்கள் என்று தெரியும். நாள் முழுக்க நானும் அவளும் என்ன அறுக்கிறோம் தெரியுமா? எச்சில் சுரப்பி, வாய்க்குள் வந்த நீர்க்கட்டி. அந்தச் சதையை மெல்லிசாகச் சீவி, மருந்து போட்டு, எந்தப் புரதம் இருக்கிறது என்று பார்ப்போம். தேடிய புரதம் இருந்தால் அந்த இடம் பழுப்பாகும். இதுதான் பிழைப்பு. அப்படிப்பட்ட நான், ஹைக்கே தரும் பாட்டிலை அண்ணாந்து, உதடு படாமல் ஊற்றிக்கொள்கிறேன். "பல்வலியா?" என்றாள் முதல் நாள். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். எங்கள் ஊர் சின்னமனூர்ச் சுத்தத்தை எந்த ஜெர்மன் வார்த்தையில் சொல்ல?

அந்தச் சுத்தத்துக்கு மொத்த வியாபாரி என் பெரியப்பா. ஏலக்காய் வாங்கி விற்பவர். மேகமலையிலிருந்து மூட்டையோடு வரும் பெண்கள் தண்ணீர் கேட்டால், சொம்பை உயரத் தூக்கி அவர்கள் கையில் ஊற்றுவார். ஒரு சொட்டு தெறித்தாலும் சொம்பைப் புளி போட்டு விளக்க வேண்டும். பெரிய மனுசராம், தூ! அவருக்குத் தாடைக்கடியில், எச்சில் சுரப்பியிலேயே கட்டி வந்தது. நல்லதா கெட்டதா என்று சந்தேகம் தீராமல், மதுரையில் ஊசியால் குத்தி எடுத்த சதையைப் புரதச் சோதனைக்கு அனுப்பினார்கள். ரிப்போர்ட்டைப் போட்டோ பிடித்து எனக்கு அனுப்பிவிட்டு, போனில் ஓவென்று அழுதார்.

"ஆத்தா, பாசிட்டிவ்னு போட்டுருக்காக. நான் போய்ச் சேந்துருவேன்."

"பெரியப்பா, கெரட்டின்னு ஒரு புரதம். அது எல்லார் எச்சில் சுரப்பியிலயும் இருக்கும். இருக்குங்கிறதத்தான் பாசிட்டிவ்னு எழுதியிருக்காக. கடைசி வரியப் பாருங்க, வெறும் நீர்க்கட்டி."

"எல்லாருக்குமா இருக்கும்?"

"மூட்டை கொண்டு வர்ற பொம்பளைகளுக்குந்தான்."

டக்கென்று போனை வைத்துவிட்டார்.

கட்டியை எடுத்துத் தையல் போட்டார்கள். பிழைத்துக்கொண்டார். ஆனால் கழுத்தை நிமிர்த்தினால் தையல் இழுத்தது. அண்ணாந்து குடிக்க முடியாமல், டம்ளரில் வாய் வைத்துத்தான் குடிக்க வேண்டியிருந்தது. மறுபடியும் போன் வந்தது.

"ஆத்தா, உங்க பெரியம்மா என் டம்ளரத் தனியாக் கொல்லையில கமுத்தி வைக்கிறா. எச்சியாம்!"

"அவுக சொல்லிக்குடுத்த சுத்தந்தானே!" என்று பின்னாலிருந்து பெரியம்மா கத்தினாள்.

வயிறு வலிக்கச் சிரித்தேன். நல்லா வேணும் என்றிருந்தது.

"சிரிக்காத. நீ அங்கன எல்லாரோடயும் வாய் வச்சுத்தான குடிக்கிற? அதுல ஒண்ணுமில்லன்னு நீயாச்சும் அவகிட்டச் சொல்லு ஆத்தா," என்று கெஞ்சினார்.

"ஒண்ணுமில்ல பெரியம்மா. இதையே பரிசோதிக்கிறவ சொல்றேன்," என்று அதிகாரமாகச் சொல்லிவிட்டு போனை வைத்தேன்.

ஹைக்கே குடித்துவிட்டு பாட்டிலை நீட்டினாள். என் கழுத்தில் தையல் ஏதும் இல்லை. அண்ணாந்துதான் குடித்தேன்.

"இன்னுமா பல்வலி?" என்றாள்.