சுள்ளிக்கல்லிலிருந்து நடந்து போகிறவள்

"நடந்தே வேலைக்குப் போறதுக்கா இம்புட்டுப் படிச்ச?" என்று என் அத்தை ஒருமுறை போனில் கேட்டாள். கேலி இல்லை, உண்மையிலேயே சந்தேகம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். விருதுநகர்ப் பக்கத்தில் எங்கள் தெருவில் படித்தவர் என்றால் வண்டியில் போகிறவர். மூட்டை தூக்க அப்பா வற்றல் மண்டிக்கு நடந்தார். அம்மா தீப்பெட்டி ஆபீசுக்கு நடந்தாள். வேறு வழியில்லாதவர்கள்தான் நடப்பார்கள். பட்டம் வாங்கி, கொச்சியில் மிளகும் சுக்கும் ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த நான், சுள்ளிக்கல் வீட்டிலிருந்து பழைய யூதர் தெருவான ஜூ டவுன் பக்கத்து ஆபீசுக்குத் தினமும் நடந்து போகிறேன் என்றால் அத்தை என்ன நினைப்பாள்?

ஊரில் நானும் நடந்தவள்தான். ஆனால் அது ஓட்டத்துக்கும் நடைக்கும் நடுவில் ஒன்று. பஸ் ஸ்டாண்டு டீக்கடைகளில் ஆண்கள் மட்டும் நிற்பார்கள். தலை குனிந்து அந்த இடத்தைக் கடக்க வேண்டும். ரோடு அகலம், வெயில் அதைவிட அகலம், ஒதுங்க ஒரு மரம் கிடையாது. எதிரில் வருகிறவர் யாராக இருந்தாலும் "எங்க போற?" என்று கேட்பார். அதற்கு ஒரு காரணம் கையில் இருக்க வேண்டும். காரணம் இல்லாமல் ஒரு பெண் தெருவில் இருக்க முடியாது.

ஆபீஸ் இருக்கும் மட்டாஞ்சேரியில் தெரு குறுகல். ஒரு பக்கத்துக் கிடங்குச் சுவரின் நிழல் காலையில் முழுத் தெருவுக்கும் போதும். ஒரு முற்றத்தில் இஞ்சி காயும். அடுத்த வாசலில் குஜராத்திக்காரர் ஒருவர் பேப்பர் படிப்பார். அதற்கடுத்த வீட்டில் கொங்கணியில் சண்டை நடக்கும். இத்தனை பாஷைக்காரர்கள் இருக்கும் இடத்தில் ஒரு தமிழ்ப் பெண்ணை நின்று பார்க்க யாருக்கும் நேரமில்லை. முனைச் சாயாக்கடையில் பெண்களும் நின்று குடிக்கிறார்கள். முதல் வாரம் நானும் நின்றேன். இரண்டாவது வாரம் சீனி குறைவாகப் போடச் சொன்னேன்.

எல்லாம் சுகம் என்று சொல்ல மாட்டேன். நடைபாதையில் ஸ்கூட்டர்கள் படுத்திருக்கும். ஓடை மூடிய கற்பலகைகளில் சில, மிதித்தால் முழங்கால் வரை தண்ணீர் பீச்சும். சுற்றுலா பஸ் நுழைந்தால் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்ள வேண்டும். இருந்தும், ஆபீசுக்கும் வீட்டுக்கும் நடுவில் யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத அந்த நேரம் மட்டும்தான் என்னுடையது என்று தோன்றியது.

அந்த நேரத்துக்குத்தான் ஆபத்து வந்தது, அதுவும் அன்பின் வடிவில். கீழ்வீட்டு ஜெஸி சேச்சிக்கு மட்டாஞ்சேரியில் துணிக்கடையில் வேலை. நான் நடந்து போவதைப் பார்த்து, ஊருக்கு அனுப்புவதற்காக இந்தப் பெண் பஸ் காசை மிச்சம் பிடிக்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டார். ஒரு காலை ஸ்கூட்டரோடு வாசலில் நின்றார். கையில் எனக்கென்றே வாங்கிய ரோஸ் நிற ஹெல்மெட்.

"எந்தினா மோளே வெயில் கொள்ளுந்நே? கேறிக்கோ."

எதற்கு வெயிலில் காய்கிறாய், ஏறிக்கொள் என்கிறார். கேறினேன். எங்கள் பக்கம், ஒருவர் வண்டியை நிறுத்திக் கூப்பிட்டால் மறுப்பது முகத்தில் அடிப்பது போல. அன்றிலிருந்து என் மட்டாஞ்சேரி என்பது சேச்சியின் முதுகும் அவர் துப்பட்டாவின் பூக்களும்தான். சிக்னலில் நிற்கும்போது சாயாக்கடைச் சேட்டன் ஹெல்மெட்டுக்குள் எட்டிப் பார்த்து, "நாட்டில் போயிருந்நோ? கண்டில்லல்லோ" என்றார். ஊருக்குப் போய்விட்டேன் என்றே நினைத்திருக்கிறார்.

பிறகு பொய் சொல்ல ஆரம்பித்தேன். ஆபீசில் சீக்கிரம் வரச் சொன்னார்கள் என்று சொல்லிவிட்டுப் பின்சந்து வழியே நடந்தேன். ஒருநாள் கிடங்குத் தெருவில் சுக்கு மூட்டை இறக்கிய ஒரு லாரி மொத்த வழியையும் அடைத்து நின்றது. லாரிக்கும் சுவருக்கும் நடுவில் உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி நழுவி வெளியே வந்தால், எதிரே ஹாரன் அடித்துக்கொண்டு ஸ்கூட்டரில் சேச்சி.

"நீ நேரத்தே போயில்லே?" சீக்கிரமே போய்விடவில்லையா என்று கேட்கிறார்.

"சேச்சி, எனக்கு நடக்கத்தான் பிடிக்கும். வண்டி இல்லாம நடக்கல. காசு இல்லாமலும் நடக்கல."

சேச்சி ஹாரனிலிருந்து கையை எடுத்தார்.

"அதங்ஙு பறஞ்ஞாப் போரே? ஞான் வெறுதே ஹெல்மெட் வாங்ஙி." அதைச் சொன்னால் போதாதா, ஹெல்மெட் வீண் என்கிறார்.

"சொன்னா கோவிச்சுக்குவீங்கன்னு பயந்தேன்."

"கோபமுண்டு. வெயில் கொண்டு கறுத்துப் போகும், கேட்டோ."

"இனிமே கறுக்க இடம் இல்ல சேச்சி."

மூட்டை இறக்கியவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். சேச்சியின் சிரிப்பில் வண்டி ஆடியது. லாரி நகர்வதாக இல்லை. அவர் ஸ்கூட்டரைச் சுவரோரம் நிறுத்திவிட்டு, நான் வந்த இடுக்கைப் பார்த்து, தன் உடம்பையும் ஒருமுறை பார்த்து, "வா, மற்றே வழி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பிறந்து வளர்ந்த தெரு. வண்டி வாங்கிய பிறகு இதில் நடந்ததே இல்லையாம். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கூட வருகிறார். அவரோடு நடப்பது லேசில்லை. வாசலுக்கு வாசல் நிற்பார். ஒரு தெருவைக் கடப்பதற்குள் இரண்டு பிரசவம், ஒரு கல்யாணம், ஒரு சொத்துத் தகராறு தெரிந்துவிடும்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். சாயங்காலம் அம்மாவிடம், "வா, நடந்துட்டு வரலாம்" என்றேன்.

"எங்கடி?"

"எங்கயும் இல்ல."

அம்மா யோசித்தாள். உள்ளே போய்க் காலியான வயர் கூடையை எடுத்துக்கொண்டு வந்தாள். எதிரில் வந்தவர்கள் கேட்டபோதெல்லாம் கூடையைச் சற்றே தூக்கிக் காட்டினாள், அதுவே பதில். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நின்ற ஒரு சித்தப்பா என்னைப் பார்த்து, "எங்கம்மா, தாயும் மகளும்?" என்றார்.

"சும்மா நடக்கான்" என்றேன். 'நடக்க' என்பதற்கு வாயில் மலையாளம் வந்துவிட்டது. கொச்சியில் நான் பேசும் மலையாளத்தைத் தமிழ் என்று சொல்லிச் சிரிக்கிறார்கள். இங்கே சித்தப்பா திருதிருவென்று விழித்தார். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

மார்க்கெட் வாசல் வந்தது. அம்மா நின்று கூடையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் அதற்குள் வாசலைத் தாண்டியிருந்தேன். அவள் செருப்புச் சத்தம் என் பின்னாலேயே வந்தது.