அம்மா நன்றி சொல்லவில்லை

அந்த அறை பள்ளியின் கீழ்த்தளத்தில் இருந்தது. கதவு உள்ளிருந்து திறக்காது. சாவி ஆசிரியையின் கழுத்தில் தொங்கும். 1992ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில், பன்னிரண்டு வயதில், உயர்நிலைப் பள்ளிக்குப் போன சில நாட்களிலேயே மெலனி அங்கே அனுப்பப்பட்டாள்.

தீ விபத்துக்கான ஒத்திகை ஒன்றில்தான் அது தொடங்கியது. மணி அலறியதும் அவள் காதுகளைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் புகுந்தாள். வெளியே இழுத்த ஆசிரியரின் கையைக் கடித்துவிட்டாள். அதற்கு முன்பும் உணவுக்கூடத்து இரைச்சலில் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருப்பாள். யாராவது முகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்டால், பதில் உள்ளே தயாராக இருக்கும், வெளியே வராது.

கீழறையில் நாற்காலி எறிகிற பையன்களும், நாள் முழுவதும் அழுகிற ஒரு பெண்ணும் இருந்தார்கள். படங்களுக்கு வர்ணம் தீட்டுவதும், பிளாஸ்டிக் மணிகளை நிறம் நிறமாகப் பிரிப்பதும்தான் பாடம். மெலனி மணிகளைப் பிரித்து முடித்துவிட்டு, மறுபடி கலந்து, மறுபடி பிரிப்பாள். மாடியில் மற்ற பிள்ளைகள் நாற்காலிகளை இழுத்து உட்காரும் சத்தம் கூரை வழியாகக் கேட்கும்.

வீடும் அதிக வித்தியாசமில்லை. அவர்கள் கனடாவின் மொன்ட்ரியால் நகரில், மொன்ட்ரியால்-நோர் பகுதியில் ஒரு மூன்றாம் மாடிக் குடியிருப்பில் இருந்தார்கள். தகப்பன் அருமைநாதனுக்கு நகரின் மேற்கே புவாண்ட்-கிளேரில் ஒரு கிடங்கில் பின்னேர வேலை. அவள் பள்ளியால் வரும்போது அவர் போயிருப்பார். தாய் அக்னெஸ் ஹோட்டல் ஒன்றின் சலவைப் பகுதியில் வேலை செய்தாள். ஒரு ஞாயிறு தேவாலயப் பூசையில் பாடகர் குழுவின் மைக் கீச்சிட, மெலனி கோயில் முழுக்கக் கேட்கக் கத்தினாள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சனம் எல்லாம் திரும்பிப் பார்த்தது. பிள்ளைக்கு மந்திரிக்கச் சொன்னார்கள் சிலர். அதன் பிறகு அக்னெஸ் அவளை வீட்டில் விட்டு, வெளியே பூட்டிக்கொண்டு பூசைக்குப் போனாள். மெலனி ஜன்னலில் நெற்றியை வைத்துக்கொண்டு, கீழே பிள்ளைகள் இரும்புப் படிகளில் ஏறி இறங்குவதைப் பார்த்திருப்பாள்.

இரண்டு வருடம் இப்படிப் போனது. கீழறையில் ஆசிரியை பிரெஞ்சு வானொலி போடுவாள். ஆசிரியர்கள் வந்து கதவடியில் நின்று கதைப்பார்கள். வாய் திறக்காத பிள்ளைக்கு முன்னால் எதையும் பேசலாம் என்று நினைத்தார்கள். அந்தப் பேச்சிலிருந்துதான் மெலனி பிரெஞ்சு முழுவதையும் கற்றுக்கொண்டாள். அது யாருக்கும் தெரியாது.

1994 மே மாதம் உப அதிபர் தாயைக் கூப்பிட்டார். அக்னெஸுக்கு பொன்ஜூர், மெர்சிக்கு மேல் பிரெஞ்சு வராது. கோயில் பங்கில் எல்லோருக்கும் மொழிபெயர்க்கிற பத்திநாதரை அழைத்துப்போனாள். மெலனியை மூலையில் இருத்தினார்கள்.

மகளுக்கு இங்கே கற்பிக்க முடியவில்லை என்றார் உப அதிபர். புத்திக் குறைபாடு உள்ளவர்களுக்கான பள்ளி ஒன்று நகரின் கிழக்கில் இருக்கிறது, செப்டம்பரிலிருந்து அங்கே அனுப்பலாம், தாய் சம்மதித்தால் போதும் என்றார்.

பத்திநாதர் அக்னெஸின் பக்கம் திரும்பினார். "வேறொரு நல்ல பள்ளிக்கூடத்துக்கு மாத்தப்போயினமாம், தங்கச்சி. கைவேலையெல்லாம் பழக்குவினமாம். பயப்பிட ஒண்டுமில்லை."

அக்னெஸ் கொஞ்சம் யோசித்தாள். "படிப்பில எப்பிடி எண்டு ஒருக்காக் கேளுங்கோ, அண்ணை."

தாய் நன்றி சொல்கிறாள் என்று பத்திநாதர் பிரெஞ்சில் சொன்னார்.

மெலனியால் அதைத் தாங்க முடியவில்லை. சொன்னது ஒன்று, போய்ச் சேர்ந்தது வேறொன்று. அவள் சுவரைப் பார்த்தபடி, பிசகில்லாத பிரெஞ்சில், அம்மா நன்றி சொல்லவில்லை, நான் படிப்பில் எப்படி என்று கேட்டார் என்றாள். பிறகு தாயிடம் தமிழில் சொன்னாள்.

"அது புத்தி குறைஞ்ச ஆக்களின்ர பள்ளிக்கூடம் எண்டு சொன்னவர். அங்கிள் அதை உங்களுக்குச் சொல்லேல்லை."

பத்திநாதரின் முகம் கறுத்தது. "ஒரு தாயிட்ட அதை எப்பிடிப் பிள்ளை சொல்லுறது?" என்றார் மெதுவாக.

இரண்டு வருடமாக ஏன் பேசவில்லை என்று உப அதிபர் கேட்டார். கீழறையில் எது சிவப்பு மணி என்றுதான் கேட்டார்கள், அது அவர்களுக்கே தெரியும் என்றாள் மெலனி.

கிழக்குப் பள்ளி கைவிடப்பட்டது. ஆனால் கதவு திறந்துவிடவில்லை. கணக்குக்கும் பிரெஞ்சுக்கும் மட்டும் பரீட்சார்த்தமாக மாடி வகுப்பு; மற்ற நேரமெல்லாம் அதே கீழறை. வீட்டிலும் அக்னெஸ் பல நாள் மகளோடு கதைக்கவில்லை. "அவர் ஊருக்கே உதவி செய்யிற மனிசன். ஆக்களுக்கு முன்னால அப்பிடியா செய்யிறது?" என்றாள் கடைசியில். பத்திநாதர் பிழையாகச் சொன்னார், அதுதான் விஷயம் என்பதற்கு மேல் மெலனிக்கு எதுவும் விளங்கவில்லை.

மாடி வகுப்பு அவள் நினைத்ததைவிடக் கொடுமையாக இருந்தது. முப்பது பேர், முப்பது பேனாக்கள், தலைக்கு மேல் இரைகிற விளக்கு. எழுந்து வெளியே ஓடினால், தண்டனையாகக் கீழறைக்கு அனுப்பினார்கள். அந்தக் குளிர்காலத்தில் வீட்டில் கண்ணாடி முன் நின்று, சொல்ல வேண்டியதைப் பலமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு போனாள். கணக்கு ஆசிரியரின் மேசைக்கு முன் நின்று, அவருடைய சட்டைப் பொத்தானைப் பார்த்துச் சொன்னாள்: சத்தம் கூடும்போது வெளியே போவேன், குறைந்ததும் வருவேன், அது ஓட்டமல்ல. அவர் சரி என்றார். ஒருவரிடம் ஒன்றைக் கேட்டால் கிடைக்கவும் கூடும் என்று அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது.

1996இல் ஒரு மருத்துவர் அவளுடைய நிலைக்கு ஆட்டிசம் என்று பெயர் சொன்னார். மாறுமா என்று அருமைநாதன் மகள் மூலம் கேட்டார். மாறாது என்ற பதிலையும் அவளே தமிழில் சொன்னாள். அவர் பேருந்தில் வீடு வரும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். மெலனிக்கோ, இது தன்னுடைய பிழையல்ல என்பதை மருத்துவர் வாயால் கேட்டது பெரிதாக இருந்தது.

கடைசி வருடம் அவள் உப அதிபரிடம் போனாள். கீழறையைப் பூட்ட வேண்டாம் என்றாள். மற்றப் பிள்ளைகளுக்காகப் பூட்டத்தான் வேண்டும் என்றார் அவர்.

"அப்படியானால் பூட்டுங்கள். என்னை வெளியே இருத்துங்கள்."

கீழ்த்தள நடைபாதையில், சூடேற்றிக்குப் பக்கத்தில், ஒரு மேசையும் நாற்காலியும் போட்டார்கள். குளிர்காலத்தில் பாதி வெளிச்சந்தான். போகிறவர்கள் வருகிறவர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு பார்ப்பதை விட்டார்கள். 1997இல் கணக்கிலும் பிரெஞ்சிலும் அங்கிருந்தே படித்துப் பரீட்சையில் சித்தியடைந்தாள். மிச்சப் பாடங்களை வளர்ந்தோர் பள்ளியில் முடிக்க இன்னும் இரண்டு வருடம் பிடித்தது.