கைமேல் இருந்த பெயர்

எங்கள் பழைய கார் சங்கத்தில் அவரைத் தையலக்கா என்றுதான் கூப்பிடுவோம். கார் சீட் தைப்பவர். வயது நாற்பத்து மூன்று. ஒரு பேட்டரிக் கடையின் மாடியில் முன்னறையில் தொழில், பின்னறையில் குடித்தனம். முன்னறை முழுக்கத் தோலும் ரெக்ஸினும் சுருள் சுருளாகச் சுவரில் சாய்ந்து நிற்கும். எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை, மணிக்கட்டில் பொத்தான். கேட்டால், "மிஷின் எண்ணெய் படும்" என்பார். நாங்களும் நம்பினோம்.

அவருக்கும் ஒரு கார் உண்டு. இரண்டு கதவு வைத்த குட்டி வண்டி. பழைய இரும்புக் கடையிலிருந்து சீட்டே இல்லாமல் வாங்கி, மரப்பெட்டி மேல் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டு வந்தவர். அதற்கு அவரே தைத்துப் போட்ட சீட்டைப் பார்த்துத்தான் சங்கத்தில் சேர்த்துக்கொண்டார்கள். நான் அவருக்குப் பிறகு சேர்ந்தவள். பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கிறேன். அப்பா விட்டுப்போன காரைக் கொடுக்க மனசில்லாமல் வைத்திருக்கிறேன்.

மாதத்தின் இரண்டாவது ஞாயிறு காலை, மூடிப்போன ஒரு மாவு மில்லின் முற்றத்தில் கூடுவோம். அன்றைக்கு லாரிக்காரர் பேச்சை ஆரம்பித்தார். முன்பு லாரி ஓட்டி இப்போது நாலு லாரிக்குச் சொந்தக்காரர். இரண்டு கையிலும் தோள்வரை பச்சை குத்தியிருப்பார்: பிஸ்டன், ஸ்டீயரிங், முதன்முதலில் வாங்கிய காரின் நம்பர்.

"சங்கத்துக்கு இருபத்தஞ்சு வருஷம் ஆகப்போகுது. எல்லாரும் இடது கையில நம்ம சங்கச் சின்னமான சக்கரத்தைக் குத்திக்கலாம். சின்னதா, ஒரு ரூபா அளவுக்கு."

சங்கத் தலைவர் ஒரு பல் டாக்டர். தன் காரின் முன்கதவில் பட்ட கீறலைக்கூட மறைக்க விடாதவர். "ஒரிஜினல் பெயிண்ட் இருக்கிற வண்டியில ஸ்டிக்கர் ஒட்டுவியா? மாட்ட. அறுபது வருஷமா ஒரிஜினலா இருக்கிற தோல்ல மட்டும் ஊசியால குத்தணுமா?"

"டாக்டர், உங்க வாயில மூணு பல்லு கட்டினது. நீங்க ஒரிஜினலைப் பத்திப் பேசாதீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் தோல் வியாதி வரும் என்றார். இன்னொருவர் பெண்டாட்டி வீட்டுக்குள் விடமாட்டாள் என்றார். கணுக்காலில் என்றால் சரி, பள்ளிக்கூடத்தில் தெரியாது என்று நான் சொன்னேன்.

அப்போதுதான் தையலக்கா எழுந்தார். "நான் குத்திக்க மாட்டேன். கட்டாயம்னா சங்கத்தை விட்டே போயிடறேன்."

யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அவர் உதடு வெளுத்திருந்தது. லாரிக்காரர், "சும்மா பேச்சுக்குச் சொன்னேன் தங்கச்சி" என்று முடித்துக்கொண்டார்.

அன்று மதியம்வரை நான் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். அக்கா ஒரு வண்டியின் பின்சீட்டுக்குள் பாதி உடம்பை நுழைத்து ஸ்பிரிங்கைக் கட்டிக்கொண்டிருந்தார். கம்பியில் சட்டைக்கை மாட்டி முழங்கைக்கு மேல் ஏறியிருந்தது. வெளுத்த பச்சையில் நாலெழுத்து தெரிந்தது. ஒரு ஆணின் பெயர். அட, இவர் கையிலேயே இருக்கிறதே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. சாயங்காலம் சங்கத்தின் இணையப் பக்கத்தில் அந்தப் படத்தைப் போட்டேன். 'வேண்டாம் என்று சண்டை போட்டவர் கையைப் பாருங்கள்!' என்று எழுதினேன். அவருக்கு நாலு வேலை வரட்டுமே என்று கடையின் போன் நம்பரையும் சேர்த்தேன்.

செவ்வாய்க்கிழமை, மூன்றாம் பீரியட் முடிந்த நேரம், பள்ளிக்கூட வாசலில் அவர் வந்து நின்றார். செருப்பு இரண்டும் வேறு வேறு.

"டீச்சர், அந்தப் படத்தை எடுங்க. இப்பவே எடுங்க."

எடுத்தேன். ஆனால் அதற்குள் பத்தொன்பது பேர் அதை எங்கெங்கோ பகிர்ந்திருந்தார்கள். அவர் காவலாளியின் ஸ்டூலில் உட்கார்ந்து, வந்த போனைப் பற்றிச் சொன்னார். பேசியது அவருடைய நாத்தனார். பதினோரு வருஷம் கழித்துக் கேட்ட குரல். "அண்ணி, நான்தான். பேரைச் சொல்லாதீங்க. உங்க கையைப் படத்துல பார்த்தேன். அண்ணனும் பார்த்துட்டான். கடை நம்பரை எழுதி வெச்சிருக்கான்." அவ்வளவுதான், வைத்துவிட்டாள்.

கல்யாணமான இரண்டாம் வருஷம் புருஷன் அவரைப் பச்சை குத்துகிறவனிடம் கூட்டிப்போனானாம். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது அவன்தான். வலியில் கையை இழுத்தபோதெல்லாம் பிடி இறுகியது. முடிந்ததும் சிரித்தானாம்: "நீ தொலைஞ்சு போனாக்கூட யாராவது கொண்டுவந்து விட்டுடுவாங்க இல்ல?" பிறகு நடந்ததையெல்லாம் அவர் விரிவாகச் சொல்லவில்லை. கழுத்தெலும்பு இரண்டு முறை முறிந்தது என்றார். ஒருநாள் காலை அவன் குளிக்கப்போன நேரத்தில், துணி வெட்டும் கத்தரிக்கோலை மட்டும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

மன்னிச்சிடுங்க என்று சொன்னேனா என்றுகூட ஞாபகமில்லை.

அன்றே அவரை என் வீட்டுக்கு அழைத்துவந்தேன். பல் டாக்டர் மறுநாள் கிளினிக்கைப் பூட்டிவிட்டு அவரைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார். இன்ஸ்பெக்டர் புகாரை வாங்கிக்கொண்டு, "ஆள் வந்தா உடனே சொல்லுங்க" என்றார்.

"வந்தப்புறம் நான் எப்படி சார் சொல்றது?" என்று அக்கா கேட்டாராம்.

பயத்தோடு ஒரு ஆள் வீட்டில் இருந்தால் வீடே மாறிவிடுகிறது. அக்கா ஜன்னல் பக்கம் உட்காரமாட்டார். காலிங்பெல் அடித்தால் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போடாமல் நிற்பார். தாழ்ப்பாள் சத்தம் கேட்கும் என்பதற்காக. தெருவில் வேன் சத்தம் கேட்டால் போதும், "டீச்சர், என்ன கலர்னு பாருங்க" என்பார். அவன் வேன் ஓட்டுகிறவன். மூன்றாம் நாள் பார்த்தால் நானும் ஜன்னல் திரையை விரலால் ஒதுக்கி, கலர் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை காலை, "வேலை செய்யாம இருந்தா பைத்தியம் பிடிச்சிடும். மிஷினையும் ரெண்டு சுருள் தோலையும் எடுத்துக்கிட்டு வந்திடலாம்" என்றார். லாரிக்காரர் தன்னுடைய நீளமான காரில் எங்களைக் கூட்டிப்போனார். நான் முன்னால், அக்கா பின்னால். பேட்டரிக் கடைக்கு எதிரே வண்டியை நிறுத்தினார்.

மாடிப்படியின் கீழே ஒருவன் நின்றுகொண்டிருந்தான். நரைத்த மீசை, இஸ்திரி போட்ட சட்டை. பார்க்கச் சாது மாதிரி இருந்தான். பின்னாலிருந்து அக்காவின் மூச்சு நின்ற சத்தம் கேட்டது.

லாரிக்காரர் கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தார். "கீழ படுத்துக்க தங்கச்சி" என்றார், உதடு அசையாமல். அக்கா பின்சீட்டுக்கும் முன்சீட்டுக்கும் நடுவில் தரையில் சுருண்டார். நான் காரை மூடும் தார்ப்பாயை எடுத்து அவர் மேல் தள்ளினேன். இப்போது வண்டியை எடுத்தால் சந்தேகப்படுவான். அவன் எங்களைப் பார்த்தபடி தெருவைத் தாண்டி வந்துகொண்டிருந்தான். லாரிக்காரர் இறங்கிக் கதவில் சாய்ந்து நின்றார்.

"இங்க மாடியில சீட் தைக்கிற பொம்பளை இருக்காளாமே. பூட்டியிருக்கு."

"ஆமா, நானும் அதுக்குத்தான் வந்தேன். பூட்டியிருக்கா?"

அவன் போனை நீட்டினான். "இவதானே? இந்தக் கை."

லாரிக்காரர் படத்தை நிதானமாகப் பார்த்தார். "கையை வெச்சு என்னத்தச் சொல்றது? ஆனா அந்தம்மா காலி பண்ணிட்டுப் போகுதுன்னு யாரோ சொன்னாங்க. துறைமுகம் பக்கமோ என்னவோ."

அவன் போகவில்லை. காரைச் சுற்றி நடந்தான். பானெட்டைத் தடவினான். "நல்ல வண்டி. எந்த வருஷம்?"

எந்த வருஷம் என்று யாராவது கேட்டுவிட்டால் லாரிக்காரரை நிறுத்த முடியாது. சங்கத்தில் அது எல்லோருக்கும் தெரிந்த வேடிக்கை. அன்றைக்கும் அவர் பேசினார். எங்கே கிடைத்தது, கார்பரேட்டர் எப்படி அடைத்தது, எல்லாம் சொன்னார். பேசப்பேச அவர் கழுத்தில் வியர்வை கோடாக இறங்கியது. அவன் கேட்டுக்கொண்டே பின்கதவுக் கண்ணாடியில் நெற்றியை வைத்து உள்ளே பார்த்தான். தார்ப்பாய்க்கும் அவன் முகத்துக்கும் நடுவில் ஒரு முழத் தூரம்கூட இருக்காது.

"சீட்டு நல்லாத் தைச்சிருக்கு" என்றான்.

"வெளியூர்ல தைச்சது."

நான் மடியிலிருந்த பையைப் பார்த்தபடி பதினேழாம் வாய்ப்பாட்டை மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். நூற்றுப் பத்தொன்பதோடு நின்றுவிட்டது. அதற்குமேல் வரவில்லை.

அவன் என்னைப் பார்த்துத் தலையசைத்தான். தெருமுனையில் நின்ற சாம்பல் நிற வேனில் ஏறிப் போனான். லாரிக்காரர் அது திரும்பும்வரை நின்றார். உள்ளே வந்து உட்கார்ந்து சாவியை மூன்று தடவை போட்டார். மூன்று தடவையும் துவாரத்தில் விழவில்லை. அக்காவைக் கூப்பிட்டோம். தார்ப்பாயை விலக்கினால், தன் இடது முன்கையைக் கடித்துப் பிடித்திருந்தார். அந்தப் பெயரின் மேல் பல் பதிந்து ரத்தம் கசிந்தது.

பேட்டரிக் கடைக்காரர் வேனின் நம்பரைக் குறித்து வைத்திருந்தார். காலையிலிருந்து நிற்கிறதே என்ற சந்தேகத்தில் செய்தது. அதை வைத்து இன்ஸ்பெக்டர் அவனைக் கூப்பிட்டு எழுதி வாங்கினார். இனி இந்தப் பக்கம் வந்தால் வழக்கு என்று சொல்லி அனுப்பினார். அவன் மரியாதையாகக் கையெழுத்துப் போட்டானாம். "அவன் மரியாதையா இருக்கறப்பதான் பயம்" என்றார் அக்கா.

அந்தக் கையை என்ன செய்வது என்று சங்கத்தில் மறுபடி பேச்சு. "லேசர்ல அழிச்சிடலாம்மா, பழைய தோல் திரும்ப வந்திடும்" என்றார் டாக்டர். "நம்ம சக்கரத்தைப் பெருசா மேல போட்டா அடியில இருக்கிறது தெரியவே தெரியாது" என்றார் லாரிக்காரர். வண்டியில் துருவைச் சுரண்டுவதா, மேலே அடித்து மூடுவதா என்று பேசும் அதே தொனி. இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை.

"என்னை யாரும் கேக்கலையே" என்றார் அக்கா. "எனக்குப் படம் வேண்டாம். சக்கரமும் வேண்டாம் அண்ணே. வெறும் கறுப்பா ஒரு பட்டை. லேசருக்கு ஏழெட்டுத் தடவை போகணுமாம். அதுவரைக்கும் அந்தப் பேரைப் பார்த்துக்கிட்டிருக்க முடியாது."

பச்சை குத்தும் கடையில் இருந்ததும் ஒரு பெண்தான். வேலை தொடங்கும்போது வழக்கப்படி மணிக்கட்டைப் பிடித்தாள். அக்கா நாற்காலியோடு பின்னால் போனார். அந்தப் பெண் சட்டென்று கையை எடுத்துவிட்டாள். பிறகு யாரும் பிடிக்கவில்லை. அக்காவே கையை மேஜைமேல் நீட்டி, மேஜை விளிம்பைப் பற்றிக்கொண்டார். ஊசியின் ரீங்காரம் தொடங்கியதும் கண்ணை மூடவில்லை, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பல் டாக்டர் மரத்துப்போகிற களிம்பைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "எனக்கு இதுல உடன்பாடு இல்ல" என்று வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பட்டையை முடிக்க இரண்டு தடவை போகவேண்டியிருந்தது; இரண்டு தடவையும் அவர் வந்தார்.

சங்கத்தில் ஐந்து பேர் சக்கரத்தைக் குத்திக்கொண்டார்கள். நான் குத்திக்கொள்ளவில்லை. ஆசை போய்விட்டது.

பதினான்கு மாதம் ஆகிறது. அவன் வரவில்லை. நாத்தனாரின் நம்பர் அந்த வாரமே அணைந்தது; அவளை என்ன செய்தானோ என்று அக்கா அடிக்கடி கேட்பார். எங்களில் யாருக்கும் தெரியாது. அவர் ஊரின் வேறு மூலையில் வேறு கடை பிடித்திருக்கிறார். தையல் மிஷினை வாசலைப் பார்த்த மாதிரி போட்டிருக்கிறார். வெளிச்சம் தப்பான பக்கத்திலிருந்து விழுகிறது. போன மாதம் என் காரின் முன்சீட்டுத் தையல் இரண்டு முறை கோணிப்போய், இரண்டு முறையும் பிரித்துத் தைத்தார். மிஷினைத் திருப்பிப் போடுங்களேன் என்று நான் சொல்லவில்லை.